சுவாமிமாரின் கழுத்தை நெரிக்கும் பாஸ்தா

மெல்பேர்ணின் கிரெய்கிபர்னில் எங்கள் வீட்டுக்குக் கிட்டப் புதிதாக ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக்கடை திறந்திருக்கிறார்கள். என் தங்கையின் மகன் தன் பிறந்தநாளுக்கு எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனான். சாப்பாட்டு அட்டையில் ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. நான் இப்படி ஒரு கடையில் வேலை செய்த காலத்தில் பெயரும் விலையும் மட்டும்தான் இருக்கும். மிச்சத்தை வேண்டுமானால் வெயிற்றரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அவன் மனைவி ஓரிடத்தில் விரலை வைத்துச் சிரித்தாள். "பிலோ அன்ரி, நீங்கள் வருசக்கணக்காச் செய்தது இதுதானே? பேராசை பிடிச்ச பாதிரிமார் அவசரமா விழுங்கி விக்கினபடியால்தான் இந்தப் பெயர் எண்டு போட்டிருக்கு. உண்மையே?"

மேசையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாலு பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தால் எனக்கு வாய் கட்டிப்போகும். "ஓம், அப்பிடியும் சொல்லுவினம்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குடித்தேன்.

அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் கத்தோலிக்கக் கோவில் ஆண்டு மலருக்கு வேலை அனுபவம் ஒன்று தரும்படி கேட்டிருந்தார்கள். நான் மன்னாரில் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுகமாக இருக்கிறது. எழுதும்போது ஒருவரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

எண்பத்து நாலில் நானும் கணவரும் மெல்பேர்ணுக்கு வந்தோம். அவருக்கு ஒரு கார் ரயர் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. எனக்கு ஆங்கிலம் போதாது. பக்கத்து வீட்டு இத்தாலியப் பெண் தனக்குத் தெரிந்த ஒரு சாப்பாட்டுக்கடைக்கு என்னைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தாள். பிரன்ஸ்விக்கில், ட்ராம் ஓடும் தெருவில் இருந்த சின்னக் கடை அது. முதலாளியும் தலைமைச் சமையல்காரரும் ஒருவரே. நெல்லா என்று பெயர். நாங்கள் சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவோம், இத்தாலியனில் அம்மா என்கிற மாதிரி. குள்ளமான, அகன்ற தோள்களை உடைய அம்மா. அப்போதே நரைத்துவிட்ட தலையை இறுக்கிக் கட்டியிருப்பார்.

என் பெயரைக் கேட்டார். பிலோமினா என்றேன். அவர் கண்ணை அகல விரித்து, தன்னுடைய சின்னம்மாவின் பெயரும் அதுதான் என்றார். பிறகு என் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்தார். வேறு எதுவும் கேட்காமல் ஏப்ரனை எடுத்துத் தந்தார். நான் நேர்முகப் பரீட்சைக்குப் போன கதை அவ்வளவுதான்.

முதலில் சட்டி கழுவினேன், பிறகு மரக்கறி வெட்டினேன். இத்தாலியக் குசினியில் வேலை பழகுவது எனக்குக் கடினமாக இருக்கவில்லை. உள்ளிப்பூண்டு, வெங்காயம், எண்ணெய், அடுப்பு எல்லாம் எனக்குத் தெரிந்தவை. சத்தம்தான் தெரியாது. பெரிய குசினிகளில் கொதிக்கிற பானையோடு ஒருவருக்குப் பின்னால் போகும்போது "பின்னால வாறன்" என்று உரக்கச் சொல்ல வேண்டும். எனக்கு அது வரவே வராது. மனசுக்குள் சொல்லிக்கொண்டு போவேன். ஒருநாள் வெயிற்றர் ஜீனோ சட்டென்று திரும்பி என்னில் மோதி, கோப்பைகள் எல்லாம் நிலத்தில் போயின.

வேறு முதலாளி என்றால் ஏசியிருப்பார். சிஞ்ஞோரா ஏசுகிறவர் அல்ல. அடுத்த நாள் காலையில் ஒரு சின்ன மணியை என் ஏப்ரன் கயிற்றில் கட்டிவிட்டார். பூனைக்குக் கட்டுகிற மணி. கட்டி முடித்து, என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "இனி நீ பேசத் தேவையில்லை" என்றார். வீட்டில் இந்தக் கதையைச் சொன்னபோது கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பூனைக்கு மணி கட்டுறது ஆர் எண்டு உலகம் தேடுது, அந்த மனிசி உங்கடை குசினியிலயே இருக்கிறா" என்றார். ஆனால் அதற்குப் பிறகு ஒருவரும் என்னோடு மோதவில்லை.

இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ, சிஞ்ஞோரா என்னை மா மேசைக்குக் கூப்பிட்டார். கடையில் மற்றப் பாஸ்தாக்களுக்கெல்லாம் முட்டை சேரும். அவற்றைத் தேய்க்க மெஷின் இருந்தது. ஒன்றுக்கு மட்டும் முட்டை இல்லை, மெஷினும் இல்லை. அதற்குப் பெயர் ஸ்ட்ரோசப்ரேத்தி. சிஞ்ஞோரா பிறந்த ரொமாஞ்ஞாப் பக்கத்துச் சாப்பாடு.

கோதுமை மா, தண்ணீர், கொஞ்சம் உப்பு. நன்றாக அடித்துக் குழைத்து, கிண்ணத்தால் மூடி வைக்க வேண்டும். மா ஊறி இளகின பிறகு தடியால் உருட்டித் தட்டையாக்க வேண்டும். மெல்லியதாகப் போகக்கூடாது. ஒரு விரல் அகலத்துக்கு நாடாவாக வெட்டி, ஒரு நாடாவைத் தூக்கி இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து ஒருமுறை முன்னுக்குத் தள்ள வேண்டும். நாடா முறுகி, நடுவில் ஒரு பள்ளத்தோடு திரி மாதிரி வரும். அதை விரல் நீளத்தில் கிள்ளிப் போட வேண்டும். கிள்ளுவதும் தள்ளுவதும் ஒரே அசைவில் நடக்க வேண்டும்.

முன்னுக்கு ஒரே ஒரு தள்ளு, அதில்தான் எல்லாம் இருக்கிறது. கையைப் பின்னுக்கு இழுத்தால் பள்ளம் மூடிக்கொண்டு வெறும் புழு மாதிரி உருண்டுவிடும். பள்ளம் இல்லாவிட்டால் குழம்பு உள்ளே தங்காது. எங்கள் ஊர்ப் பழக்கத்தில் எதை உருட்டினாலும் நான் முன்னுக்கும் பின்னுக்கும்தான் உருட்டுவேன். சிஞ்ஞோரா ஒரு சொல்லும் சொல்லமாட்டார். தட்டில் கிடப்பவற்றைப் பார்ப்பார். பிழையானவற்றைப் பொறுக்கி, என் முன்னால் மேசையில் வரிசையாக அடுக்கிவிட்டுப் போவார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் அடுக்குவார். தலையை நிமிர்த்தினால் என் பிழைகள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிற்கும். ஒருநாள் அந்த வரிசை வரவில்லை. அவர் தட்டைப் பார்த்தார், அடுப்புக்குப் போனார். அதற்குப் பிறகு அந்த வேலை என்னுடையது.

பெயரின் அர்த்தத்தை எனக்குச் சொன்னது ஜீனோ. "பாதிரிமாரின் கழுத்தை நெரிக்கிறது" என்று தன் கழுத்தையே பிடித்துக் காட்டினான். சுவாமி என்று நாங்கள் சொல்லும் பாதிரியார் வீட்டுக்கு வந்தால் முழங்காலில் நின்று ஆசீர்வாதம் வாங்குகிற குடும்பத்தில் பிறந்தவள் நான். கொஞ்ச நாள் மா குழைக்க முன்னம் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டுதான் தொடங்கினேன். கணவர் அதற்குத் தமிழில் ஒரு பெயரும் வைத்துவிட்டார். நான் வேலையால் வந்தவுடன், "இண்டைக்குச் சுவாமி நெரிப்பான் எத்தினை தட்டுப் போச்சு?" என்று கேட்பார்.

பெயர் ஏன் அப்படி வந்தது என்று நான் ஒருவரிடமும் கேட்கவில்லை. ஆனால் வாய் திறக்காத ஆளிடம் எல்லோரும் கதை சொல்வார்கள். ஜீனோ சொன்னது, இன்றைக்கு அந்த அட்டையில் போட்டிருக்கிற கதை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிற ஒரு வயதான அம்மா வேறு சொன்னார். அந்தக் காலத்தில் நிலமெல்லாம் கோவிலுக்குச் சொந்தமாம். குத்தகைக்குப் பயிர் செய்கிறவர்களின் பெண்சாதிமார் சுவாமிக்குச் சமைத்துக் கொடுக்க வேண்டுமாம். சுவாமி ரசித்துச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற புருசன்மார் இது அவர் தொண்டையில் சிக்காதா என்று மனசுக்குள் திட்டுவார்களாம். இன்னொருவர், வீட்டு முட்டை எல்லாம் கோவிலுக்குப் போய்விட, முட்டையில்லாத மாவைக் கோபத்தோடு முறுக்கின பெண்கள் வைத்த பெயர் என்றார். மரக்கறி கொண்டுவருகிற மனிதர், அதொன்றும் இல்லை, கை செய்கிற வேலையைப் பார், நெரிக்கிற மாதிரித்தானே இருக்கிறது என்றார்.

சிஞ்ஞோராவிடம் யாராவது கேட்டால் மட்டும் ஒரே பதில். "அது ஒரு பெயர். ஆறமுதல் சாப்பிடுங்கோ."

தொண்ணூறுகளின் நடுவில், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில்தான் அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு புதன்கிழமை காலை சிஞ்ஞோரா வந்தவுடனேயே வாசல் கரும்பலகையில் இருந்து ஸ்ட்ரோசப்ரேத்தி என்ற பெயரை ஈரத்துணியால் அழித்தார். தன் அண்ணன் இத்தாலியில் இருந்து வந்திருக்கிறார், வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட வருகிறார், அவர் திரும்பிப் போகும்வரை அந்தப் பெயர் இந்தக் கடையில் இருக்கக்கூடாது என்றார்.

அண்ணன் ஒரு சுவாமி. தொன் பியெத்ரோ. இங்கே உள்ள இத்தாலியக் கோவில்களில் தவக்காலப் பிரசங்கம் செய்ய அழைத்திருந்தார்கள்.

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். சிஞ்ஞோரா என்னைப் பார்க்காமல், அடுப்பைத் துடைத்துக்கொண்டே மிச்சத்தைச் சொன்னார். அவர் பேசிய ஆங்கிலத்தையும் இத்தாலியனையும் என் தமிழில்தான் எழுத முடியும்.

அவர்களுடைய அப்பா கோவில் நிலத்தில் குத்தகைக்குப் பயிர் செய்தவர். சுவாமிமார் என்றாலே அவருக்குப் பிடிக்காது. அவருடைய ஒரே மகன் சுவாமியாகப் படிக்கக் குருமடத்துக்குப் போகப்போகிறேன் என்றபோது அவர் கத்தவில்லையாம். போகிற நாளுக்கு முதல் நாள் பெரிய விருந்து வைத்தார். நெல்லாவைக் கூப்பிட்டு ஸ்ட்ரோசப்ரேத்தி செய்யச் சொன்னார். சொந்தக்காரர் எல்லோரும் மேசையில் இருக்க, மகனின் தட்டை நிரப்பி, "சாப்பிடு மகனே, வேலை செய்யுதோ பாப்பம்" என்றார். மேசையே சிரித்தது.

"நான்தான் கூடச் சிரிச்சனான்" என்றார் சிஞ்ஞோரா. "சின்னப் பெட்டை. நான் செய்த சாப்பாட்டை எல்லாரும் கதைக்கினம் எண்டு பெருமையில ஒரு புழுகம். பியெத்ரோ முள்ளுக்கரண்டியை வைச்சிட்டு எழும்பிப் போட்டான். அதுக்குப் பிறகு அவன் எங்கடை வீட்டில சாப்பிடேல்லை."

பிறகு சிஞ்ஞோரா கல்யாணம் முடித்துக் கப்பல் ஏறிவிட்டார். அண்ணன் குருவானார். அப்பாவை அடக்கம் செய்ததும் அண்ணன்தான். இரண்டு பேருக்கும் இடையில் நாற்பது வருடமாக கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டைகள் மட்டும் போய் வந்தன.

வெள்ளிக்கிழமை மதியம் சிஞ்ஞோரா கடையைப் பூட்டிவிட்டார். உள்ளே நாங்கள் மூன்று பேர் மட்டும். ஜன்னலோரம் ஒரு மேசைக்கு வெள்ளை விரிப்பு விரித்து, ஜீனோ கறுப்புக் கோட்டுப் போட்டு நின்றான். சிஞ்ஞோரா விடியற்காலையில் இருந்து அடுப்படியில் நின்றார். முட்டை தாராளமாகப் போட்டுத் தாலியத்தெல்லே என்ற நாடாப் பாஸ்தா செய்தார். மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் கொத்திப்போட்டு, மணிக்கணக்காகக் கொதிக்கிற ராகு என்ற இறைச்சிக் குழம்பு செய்தார். தங்கள் வீட்டில் பெரிய பண்டிகைக்கு மட்டும் செய்வது என்றார்.

நான் எனக்குரிய சாப்பாட்டைப் பின்கதவுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் உருட்டி, மாத் தூவித் துணியால் மூடி வைத்திருந்தேன். தவக்காலத்தில் நான் இறைச்சி மட்டுமல்ல, முட்டையும் தொடுவதில்லை. அது அம்மா வழிப் பழக்கம். ஆகவே தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஒருபிடி ஸ்ட்ரோசப்ரேத்தியை எனக்கென்று உருட்டிக்கொள்வேன். அது சிஞ்ஞோராவுக்கும் தெரியும். கரும்பலகையில் இருந்து அழித்தது வாடிக்கையாளருக்கு என்றுதான் நினைத்தேன்.

தொன் பியெத்ரோ வந்தார். உயரமான, மெலிந்த மனிதர். சிஞ்ஞோரா கையைத் துடைத்துக்கொண்டு ஓடினார். இரண்டு பேரும் கன்னத்தோடு கன்னம் வைத்தார்கள். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். குசினிக் கதவின் வட்டக் கண்ணாடியால் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மேசையில் அமர்ந்து, விரிப்பு அழகாக இருக்கிறது என்றார். பாண் ரொட்டி நன்றாக இருக்கிறது என்றார். தெருவில் ட்ராம் போவது நல்லது என்றார். எங்கள் ஊரில் பெண் பார்க்க வந்த வீட்டில் ஆட்கள் இப்படித்தான் கதைப்பார்கள். சிஞ்ஞோரா திரும்பி வந்தபோது முகம் விழுந்திருந்தது.

"விருந்தாளி மாதிரிக் கதைக்கிறான்" என்றார்.

பிறகு தாலியத்தெல்லேயை வடித்து, தட்டில் போட்டு, மேலே ராகுவை வார்த்தார். நான் சீஸ் துருவிக்கொண்டு நின்றேன். அந்த இறைச்சி வாசம் மூக்கில் ஏறும்போதுதான் எனக்கு விளங்கியது. சிஞ்ஞோரா தட்டைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினார். நான் அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றேன்.

"சிஞ்ஞோரா, இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

"தெரியும். நாளைக்குச் சனி. வழியை விடு."

"தவக்காலத்து வெள்ளி. சுவாமிக்கு இறைச்சி ஆகாது" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். கல்யாணம் முடித்து இங்கே வந்த நாளில் இருந்து கோவில் பக்கம் போகாதவர். இந்த நாட்டில் வெள்ளிக்கிழமை என்று ஒருவரும் பெரிதாகப் பார்ப்பதும் இல்லை. அவருக்கு அது அண்ணன் வருகிற நாள், அவ்வளவுதான். தட்டை மேசையில் வைத்துவிட்டு, மா வாளியின் மூடிக்கு மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நாப்பது வருசத்துக்குப் பிறகு வாறான். நான் இறைச்சியைக் கொண்டுபோய் அவனுக்கு முன்னால வைக்கிறன். திரும்பவும் பகிடி பண்ணுறன் எண்டுதானே நினைப்பான்?"

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இனி என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை. தக்காளியும் உள்ளியும் இருந்தன, பாஸ்தாதான் வேண்டும். சிஞ்ஞோரா எழுந்து அலுமாரியைத் திறந்து, மேல்தட்டில் கிடந்த ஒரு பெட்டி ஸ்பகெட்டியை எடுத்தார். கடையில் வாங்கின, குழந்தைகள் கேட்டால் போட்டுக் கொடுக்கிற ஸ்பகெட்டி. அதை ஒரு கையில் பிடித்தபடி அழத் தொடங்கினார். சத்தமில்லாத அழுகை. அத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில் கதவு திறந்தது. தொன் பியெத்ரோ உள்ளே வந்தார்.

எங்கள் பக்கத்தில் சுவாமி வீட்டுக்கு வந்தால் முன் அறையோடு சரி. குசினிக்குள் வரமாட்டார். நான் பதறிப்போய்ப் பின்னுக்குப் போக, பின்கதவுப் பக்கம் இருந்த தட்டில் என் இடுப்பு இடித்தது. துணி விலகியது. சிஞ்ஞோரா அவசரமாகக் கண்ணைத் துடைத்து, சாப்பாடு வருகிறது, போய் இரு என்றார். ஆனால் அவர் தங்கையைப் பார்க்கவில்லை. என் தட்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். கிட்ட வந்து ஒன்றை எடுத்து, விரல்களுக்கு நடுவில் திருப்பிப் பார்த்தார். அந்தப் பெயரை மெல்லச் சொன்னார்.

நான் துணியை இழுத்து மூடப் பார்த்தேன்.

"நெல்லா, இதை எனக்காகச் செய்து வைச்சிருக்கிறியா, இல்லாட்டி எனக்கு ஒளிச்சு வைச்சிருக்கிறியா?"

"அது உனக்கில்லை. பிலோமினாவின்ரை சாப்பாடு. அவ வெள்ளிக்கிழமையில இறைச்சி சாப்பிடமாட்டா."

அவர் மேசையில் இருந்த ராகுத் தட்டைக் கண்டார். தங்கையின் கையில் இருந்த ஸ்பகெட்டிப் பெட்டியைக் கண்டார். நடந்தது முழுவதும் அவருக்கு விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நான் பிலோமினாவிட்டைத்தான் கேக்கவேணும். உங்கடை சாப்பாட்டில எனக்குக் கொஞ்சம் தருவீங்களா?"

சிஞ்ஞோராவின் கட்டளை ஒரு பக்கம், ஒரு சுவாமி வாய்விட்டுச் சாப்பாடு கேட்பது மறுபக்கம். நான் சிஞ்ஞோராவின் முகத்தைப் பார்த்தேன். அவர் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். "ஓம் சுவாமி" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்கு விளங்கியது.

சட்டியில் எண்ணெய் விட்டு உள்ளியை நசுக்கிப் போட்டேன். தக்காளி போட்டேன். உப்புத் தண்ணீரில் பாஸ்தாவைக் கொட்டி, மிதந்து வந்த பிறகு இன்னும் கொஞ்ச நேரம் விட்டு, அகப்பையால் அள்ளிச் சட்டிக்குள் போட்டேன். வெந்த தண்ணீரில் ஒரு அகப்பை மேலே விட்டுக் குலுக்கினேன். கை அதன்பாட்டுக்கு வேலை செய்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எனக்காகச் செய்கிற மாதிரியே எல்லாவற்றையும் செய்தது.

தட்டை நானே கொண்டுபோய் வைத்தேன். சிஞ்ஞோரா வந்து மேசைக்கு எதிரே நின்றார். தொன் பியெத்ரோ சிலுவை போட்டு, முள்ளுக்கரண்டி நிறையக் குத்தி வாயில் வைத்தார்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது, நான் வழக்கம்போல இடித்த செத்தல் மிளகாயை ஒரு கைப்பிடி போட்டிருக்கிறேன் என்று.

முதலில் அவர் முகம் சிவந்தது. பிறகு ஒரு இருமல் வந்தது. பிறகு நிற்காத இருமல். கழுத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் ஓட, மேசையில் குனிந்துவிட்டார். ஜீனோ ஓடிவந்து முதுகில் குத்தினான். நான் மாதாவே என்று வாய்விட்டுச் சொன்னேன். சிஞ்ஞோரா தண்ணீர்க் கிளாஸை நீட்டினார். முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

தண்ணீரை வாங்கிக் குடித்து, நாப்கினால் கண்ணைத் துடைத்து, அவர் தங்கையை நிமிர்ந்து பார்த்தார். குரல் கரகரத்தது.

"அப்பா கெட்டிக்காரன்தான், நெல்லா. நாப்பது வருசம் பிந்தினாலும் வேலை செய்யுது."

சிஞ்ஞோரா சிரிக்கக்கூடாது என்று வாயைப் பொத்தினார். முடியவில்லை. தோள் இரண்டும் குலுங்கின. பிறகு அண்ணனும் சிரித்தார், இருமி இருமிச் சிரித்தார். ஜீனோவும் சிரித்தான். நான்தான் சிரிக்கவில்லை. தட்டை எடுக்கப் போனேன். அவர் என் கையைத் தட்டிவிட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். அடுத்த வாயைக் கவனமாக, பாணோடு சாப்பிட்டார். எதிர்க் கதிரையைக் காலால் தள்ளி, தங்கையை இருக்கச் சொன்னார். சிஞ்ஞோரா இருந்தார். ஒரு முள்ளுக்கரண்டியை எடுத்து அவருடைய தட்டிலேயே குத்தினார்.

அந்தப் பெயரின் கதையைத் தொன் பியெத்ரோவும் சொன்னார். நான் பாண் வைக்கிற சாட்டில் பக்கத்திலேயே நின்று கேட்டேன். அவர்கள் வீட்டிலும் முட்டைகள் கோவில் சுவாமிக்குத்தான் போயின. குத்தகையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய பங்கு அது. அப்பா தன் கையால் கொண்டுபோய்க் கொடுக்க ரோசப்பட்டு, ஒவ்வொரு கிழமையும் மகனிடம் கூடையைக் கொடுத்து அனுப்புவார். முட்டையை வாங்குகிற சுவாமி, பையனை உள்ளே கூப்பிட்டு வாசிக்கத் தன் புத்தகங்களைக் கொடுப்பார்.

"அந்தக் கூடையை அப்பா என்ரை கையில தராட்டி நான் சுவாமியா வந்திருக்கமாட்டன்" என்றார். "வீட்டில முட்டையில்லாமல் இதைத் தின்னவேண்டி வந்ததும் அந்த முட்டையாலதான். நான் குருமடத்துக்குப் போனதும் அந்த முட்டையாலதான். அப்பாவுக்கு அது தெரியும். அதுதான் அவருக்குத் தாங்கேல்லை."

நான் கேட்ட கதைகளில் எது அந்தப் பெயரின் உண்மையான காரணம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. படித்தவர்களும் ஒன்றுபோலச் சொல்வதில்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் ஒரு வீட்டில் முட்டைக் கதை நடந்தது என்பதை அந்த வீட்டுக்காரர் வாயாலேயே கேட்டேன்.

அந்த விருந்தில் சிரித்ததற்குச் சிஞ்ஞோரா மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்து நான் குசினிக்குத் திரும்பினேன். கதவு மூடுமுன் அவர் குரல் கேட்டது.

"கூடையைத் தூக்கினது நீ. கோழிக்குப் பின்னால ஓடி முட்டை பொறுக்கினது ஆர்?"

தான் தூக்கிய கூடை பாரம் என்றார் அண்ணன். பாரமா, நீ வழியில் விழுத்தி உடைத்த முட்டைகளுக்கு நான்தான் அம்மாவிடம் அடி வாங்கினேன் என்றார் தங்கை. உடைத்தது தான் அல்ல, பக்கத்து வீட்டு நாய் என்றார் அவர். பக்கத்து வீட்டில் நாயே இல்லை என்று இவர் மேசையில் அடித்தார். அதற்குப் பிறகு ஆங்கிலம் போய், இத்தாலியனும் போய், அவர்கள் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

எனக்குப் பசித்தது. என் சாப்பாடு வெளியில் இரண்டு பேருக்கு நடுவில் போய்க்கொண்டிருந்தது. சிஞ்ஞோரா மேசையில் விட்டுப்போன ஸ்பகெட்டிப் பெட்டியைத் திறந்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். ஜீனோ கோட்டைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்து, என்ன இது, இவ்வளவு சண்டை பிடிக்கிறார்கள், நான் போய் விலக்கவா என்று கேட்டான்.

"விடு" என்றேன். "விருந்தாளியோடை ஆரும் இப்பிடிச் சண்டை பிடிக்கமாட்டினம்."